மஞ்சள் ஒட்டுத்தாள்

ஐப்பசி 2, செவ்வாய்

ஏழு வாரம் காத்திருந்து, இன்று அந்த அங்காடியின் மறைமொழியை முழுதும் அறிந்துகொண்டேன்.

கடைத்தெரு முனையில் உள்ள பொன்னகரம் பேரங்காடியில் விலைச்சீட்டு மாறுவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வெள்ளை ஒட்டுத்தாள் வெறும் கண்துடைப்பு. பத்தில் ஒரு பங்கு குறைத்திருப்பார்கள். மஞ்சள் ஒட்டுத்தாள் என்றால் பாதி விலை. மஞ்சளிலும் ஒரு நுட்பம் உண்டு. விலையின் கடைசி இலக்கம் ஒன்பதாக இருந்தால் அடுத்த செவ்வாய் இன்னும் இறங்கும், பொறுத்திருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் அதற்குமேல் இறங்காது; அன்றே எடுத்துவிட வேண்டும். இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன், நானே குறித்தேன், நானே தெளிந்தேன்.

இன்று ஒன்றில் முடிந்தவை: உளுத்தம்பருப்பு, சேமியா, வறுத்த ரவை. மூன்றையும் அள்ளினேன். ஓய்வுபெற்ற அஞ்சலகத்தார் சபாநாயகம் எனக்குப் பின்னால் கூடையோடு நின்று வயிறெரிந்தார். அந்த மனிதர் சென்ற வாரம் நெய்ப் புட்டி இரண்டை வெல்லப் பைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போனவர், இந்த வாரம் விலை இறங்கியதும் வந்து எடுப்பதற்காக. இந்த வேட்டையில் ஒளிப்பதும் ஒரு கலை. நான் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறக் குழாயடியில் வழக்கமான வேலை. பஞ்சில் தேங்காயெண்ணெய் தோய்த்துத் தேய்த்தால் மஞ்சள் ஒட்டுத்தாள் சுவடின்றிக் கழன்றுவிடும். பிறகு பொருள்களைச் சமையலறை டப்பாக்களில் கொட்டிவிட்டு உறைகளைச் சருகோடு சேர்த்து எரித்துவிடுவேன். பொற்கொடிக்கு வீண் கலக்கம் வேண்டா.

ஐப்பசி 3, புதன்

அச்சகத்து ஞானசேகரன் வந்துபோனார். தாள் விலை ஏறிவிட்டதாம். என் சொற்பொழிவுத் தொகுப்பு 'நாவின் நெருப்பு' முந்நூறு பக்கம் தாண்டும் என்கிறார். தாண்டட்டும். நாற்பதாண்டு மேடை முழக்கம் நூற்றைம்பது பக்கத்தில் அடங்குமா?

ஐப்பசி 6, சனி

என் மனைவி பொற்கொடியின் மழலையர் காப்பகத்துக்கு இன்றோடு ஆறாண்டு நிறைவு. வேலைக்குப் போகும் தாய்மார் காலை எட்டு மணிக்குக் குழந்தைகளை எங்கள் வீட்டில் விட்டுச்சென்று மாலையில் அழைத்துப்போவார்கள். இப்போது பதினொரு குழந்தைகள். காலை பதினொரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி, நண்பகலில் பருப்புச்சோறு. சமையல் அவளுடையது, மளிகை வாங்குவது என்னுடையது. திங்கள்தோறும் மொத்தக் கடைக்குரிய தொகையை என் கையில் கொடுத்துவிடுவாள். மொத்தக் கடைச் சரக்கைத் தவிர வேறெதையும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை என்று தாய்மார் ஒவ்வொருவரிடமும் அவள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? பருப்பு எங்கிருந்து வந்தாலும் பருப்புத்தானே. எஞ்சுவது தமிழுக்குச் செலவாகிறது.

குழந்தைகளில் மூத்தவள் போல நடந்துகொள்வது மூன்று வயதுக் கனிஷ்கா. வடவொலி எனக்கு ஒவ்வாது. கனி என்றே அழைக்கிறேன். கூடத்தில் மாட்டியுள்ள படத்தில் நான் ஒலிவாங்கியின் முன் கையுயர்த்தி நிற்பதைப் பார்த்துவிட்டு என்னை மைக் தாத்தா என்கிறாள். இன்று என் மடியில் ஏறி, "மைக் தாத்தா, பேசு" என்றாள். ஐந்து நிமிடம் பேசினேன். கை தட்டினாள். இந்த ஊரில் எனக்குக் கடைசியாகக் கை தட்டியவள் அவள்தான்.

கனியின் தாய் கஸ்தூரி வேலை பார்ப்பதும் அதே பேரங்காடியில். தட்டுகளில் சரக்கு அடுக்கி ஒட்டுத்தாள் ஒட்டும் பணி. என்னை அங்கே அடிக்கடி பார்க்கிறாள். எனக்கும் பொற்கொடிக்கும் வேண்டியதை மலிவாக வாங்குகிறேன் என்று நினைத்திருக்கிறாள். "அம்மாகிட்ட போட்டுக் குடுக்க மாட்டேன் அய்யா, பயப்படாதீங்க" என்று ஒருநாள் சிரித்தாள். நல்ல பெண்.

ஐப்பசி 11, வியாழன்

மூன்று நாளாக அடைமழை. கடைத்தெருவில் முழங்கால் அளவு நீர். பேரங்காடியின் பின்புறக் கிடங்கு தாழ்வான இடத்தில் இருப்பதால் வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டதாம். கடை மூடியிருக்கிறது. காப்பகமும் விடுமுறை.

ஐப்பசி 16, செவ்வாய்

இன்று அங்காடி திறந்தது. வாயிலில் "மழைத் தள்ளுபடி" என்று பெரும் பதாகை. தட்டுகள் முழுவதும் மஞ்சள். நான் போனபோது மணி ஒன்பதே முக்கால். சபாநாயகம் இன்னும் வரவில்லை.

துடைப்பங்கள் அடுக்கிய மூலைக்குப் பக்கத்தில் கஸ்தூரி குந்தியிருந்தாள். கீழ்த்தட்டில், துடைப்பக் கட்டுகளுக்குப் பின்னால், எதையோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நகர்ந்ததும் குனிந்து பார்த்தேன். அரைக்கிலோ சத்துமாவுப் பொட்டலங்கள், நான்கு. மஞ்சள் ஒட்டுத்தாள். விலை இருபத்தொன்று. ஒன்றில் முடிகிறது! ஒவ்வொன்றின் மூலையிலும் நகப்பூச்சினால் ஒரு சிவப்புப் புள்ளி. யாருக்கோ ஒதுக்கிவைத்த அடையாளம் அன்றி வேறென்ன?

எடுத்துக் கூடையில் போட்டேன். கஸ்தூரி விரைந்து வந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள்.

"அது வேணாம் அய்யா. வேற எடுத்துக்கோங்க."

ஏன் என்று கேட்டேன். மேலே இருந்த கண்காணிப்புக் கருவியைப் பார்த்தாள். பணம் வாங்கும் மேசையருகே நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். மீண்டும் அதே சொற்களைத்தான் சொன்னாள், இன்னும் தாழ்ந்த குரலில்.

"சபாநாயகத்துக்காக வைத்திருக்கிறாயா, அம்மா?" என்றேன். அவள் கண் கலங்கியது. அகப்பட்டுக்கொண்டதால் என்று எடுத்துக்கொண்டேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். அந்தச் சொல்தான் என்னை மூட்டிவிட்டது. என் நன்மையை எனக்கு எடுத்துச்சொல்ல இந்த ஊரில் ஆள் வந்துவிட்டதா? பொதுவில் விற்பனைக்கு வைத்த பொருளை ஒருவருக்கு மறைத்து மற்றொருவருக்குக் கொடுப்பது எந்த அறம் என்று குரலை உயர்த்தினேன். நெடுநாளுக்குப் பின் அந்தக் குரல் வந்தது. கடையில் இருந்தோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். மேற்பார்வையாளர் ஓடிவந்து, கஸ்தூரியை முறைத்துவிட்டு, நான்கு பொட்டலங்களையும் தம் கையாலேயே பையில் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி 17, புதன்

காலையில் ஒட்டுத்தாள் நீக்கும் வேலை. மஞ்சள் கழன்றதோடு, பொட்டலத்தில் அச்சிட்டிருந்த நாளும் மாதமும் எண்ணெய்ப் பஞ்சில் கரைந்து வந்துவிட்டன. முன்பு ஒருமுறையும் இப்படி ஆனதில்லை. அடியில் வேறோர் எண் மங்கலாகத் தெரிந்தது. மை தரமற்றதாக இருக்கலாம். கண்ணாடி கையில் இல்லை, மேற்கொண்டு பார்க்கவில்லை.

மூன்று பொட்டலங்களைக் கொட்டியதும் டப்பா நிறைந்துவிட்டது. நான்காவதைப் பரணில், நூலின் மெய்ப்புத்தாள் கட்டுக்குப் பின்னால் வைத்தேன். மாவில் ஆங்காங்கே சில கட்டிகள் இருந்தன, நீலம் படிந்தவை. சட்டைக்குப் போடும் நீலம் சிந்தியது போல. சல்லடையில் சலித்து, கட்டிகளைக் கொல்லையில் வாழையடியில் கொட்டினேன். சலித்த மாவு பார்வைக்குத் தூய்மையாகவே இருந்தது.

மழையில் சருகு பற்றவில்லை. உறைகளைச் சுருட்டிச் சாக்கடையில் விட்டேன்.

ஐப்பசி 18, வியாழன்

கஞ்சி மணமாக இருந்தது. பொற்கொடி வெல்லமும் ஏலமும் சேர்த்திருந்தாள். கனி இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். கஞ்சி உதட்டோடு வந்து என் வேட்டியில் முகம் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள் பொற்கொடி. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 19, வெள்ளி

இரண்டு குழந்தைகள் வரவில்லை. மழைக்காலக் காய்ச்சல். எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ஐப்பசி 20, சனி

காலையில் ஞானசேகரனிடம் தாளுக்கு முன்பணம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது காப்பகத்தில் அழுகை. கனிக்கு மூக்கில் குருதி வடிந்துகொண்டிருந்தது. பொற்கொடி ஈரத்துணி வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. நேற்றே முழங்காலில் கருநீலத் தடிப்பு ஒன்று இருந்ததாம். விழுந்திருப்பாள் என்று நினைத்தாளாம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நனைந்தபடியே மருத்துவமனைக்கு ஓடினாள். நான் எஞ்சிய குழந்தைகளுக்குக் காவலாக இருந்தேன்.

டப்பாவில் மீதியிருந்த மாவைக் கழிவறையில் கொட்டி நீர் ஊற்றினேன். புழு வைத்திருக்குமோ என்ற ஐயம். வேறொன்றுமில்லை.

வாழையடியில் பெருச்சாளி ஒன்று செத்துக் கிடந்தது. மழையில் வளை மூழ்கியிருக்கும்.

ஐப்பசி 21, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனேன். நம் காப்பகத்துக் குழந்தைகள் இப்போது மூவர் அங்கே. கனி கட்டிலின் நடுவில் சின்னதாகக் கிடந்தாள். கையில் ஊசி குத்திய இடத்திலிருந்து கசிவு நிற்கவில்லை. பஞ்சு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. பேசு என்றுதான் கேட்டிருப்பாள்.

மருத்துவர் இளைஞர். முதலில் டெங்கு என்று கருதினாராம். ஆய்வில் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. இரத்தம் உறையும் ஆய்வுக்குக் குருதி எடுத்துத் தஞ்சைக்கு அனுப்பியிருக்கிறார்; விடை வர இரண்டு நாளாகும். பொற்கொடியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்: என்ன சாப்பிட்டார்கள், எங்கே வாங்கியது, வீட்டில் எலிமருந்து வைத்தது உண்டா. அவள் கைகூப்பி நின்றாள். தன் வீட்டில் எலிமருந்து என்ற பேச்சே இல்லை என்றாள். எல்லாம் மொத்தக் கடைச் சரக்கு, அவரையே கேளுங்கள் என்று என்னைக் காட்டினாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். என்னன்னு தெரிஞ்சா உடனே மாத்து மருந்து குடுத்துடலாம். தெரியாம நான் எதுக்குன்னு குடுக்கறது?"

தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினேன். இரண்டு நாளாக ஈரக்காற்று. தலையை மட்டும் அசைத்தேன், ஆம் என்பது போல.

தாழ்வாரத்துக்கு வந்தபோது கஸ்தூரி பின்னாலேயே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அய்யா, டாக்டரு எலிமருந்துன்னு கேட்டாரில்ல, எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அன்னிக்கு அந்த மாவு எடுத்துட்டுப் போனீங்களே. குடோன்ல எலிக்கு வெச்சிருந்த நீலக் கட்டியெல்லாம் வெள்ளத்துல கரைஞ்சிடுச்சு அய்யா. அடிவரிசை மாவெல்லாம் அந்தத் தண்ணியிலதான் ரெண்டு நாள் ஊறுச்சு. காயவெச்சு, பழைய தேதிய அழிச்சுட்டுப் புதுசு குத்துன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் குத்துனேன். கொழந்தைங்க சாப்புடற மாவாச்சேன்னு அத மட்டும் விக்க மனசு வரல. புள்ளி வெச்சு ஒதுக்கி ஒளிச்சேன், சாயங்காலம் குப்பைல போட்டுடலாம்னு. சூப்பர்வைசர் முன்னாடி வாயத் தொறக்க முடியல. வேலை போயிடும்னு..." மூச்சு வாங்கினாள். "நீங்களும் அம்மாவும் அதச் சாப்பிடலையே?"

தன் குழந்தை உள்ளே குருதி கசியக் கிடக்கையில், அந்தப் பெண் எனக்காக அஞ்சிக்கொண்டிருந்தாள்.

தொண்டை திறந்துகொண்டது. "வீசிவிட்டேன், அம்மா" என்றேன்.

அவள் தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நல்ல வேளை அய்யா" என்றாள்.

ஐப்பசி 22, திங்கள்

தொண்டை கட்டு. வெளியே போகவில்லை.

அங்காடியைக் கண்டித்து ஓர் உரை எழுதத் தொடங்கினேன். வணிகத்தின் பெயரால் நஞ்சை அடுக்கிவைத்து, ஏழையின் கூடையில் சாவை எடைபோட்டுக் கொடுக்கும் கொடுமையைத் தோலுரிக்கும் உரை. முதல் இரண்டு பக்கம் அருவியாய்க் கொட்டியது. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பொட்டலம் குழந்தையின் கிண்ணம் வரை வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே நின்றுவிட்டது.

பொற்கொடி மருத்துவமனையிலேயே இருக்கிறாள். ஐந்தாவது குழந்தையையும் சேர்த்துவிட்டார்களாம்.

ஐப்பசி 23, செவ்வாய்

காலை பத்து மணி. இந்நேரம் அங்காடியில் ஒட்டுத்தாள் மாறியிருக்கும்.

பரணில் ஏறினேன். மெய்ப்புத்தாள் கட்டை நகர்த்தினேன். நான்காவது பொட்டலம் வைத்தபடியே இருந்தது, மஞ்சள் ஒட்டுத்தாளோடும் சிவப்புப் புள்ளியோடும். இதை எரித்துவிட்டால் இவ்வுலகில் எந்தச் சான்றும் இல்லை. தீப்பெட்டியை எடுத்தேன். மழை நின்று சருகும் காய்ந்திருந்தது. கூடத்துச் சுவரில், கனி கரியால் கிறுக்கிய உருவம் ஒன்று, ஒரு கோட்டின் முன்னால் கை தூக்கி நிற்கிறது. தீப்பெட்டியை அதனிடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒரு துண்டுத்தாளில் எழுதினேன். நான்கு முறை கிழித்து ஐந்தாம் முறை செம்மையாக வந்தது: "இம்மாவில் எலி நஞ்சு கலந்துள்ளது. காப்பகத்து மழலையர் அருந்தியது இதனையே. மாற்று மருந்தினை உடன் அளித்திடுக." கையொப்பம் இடவில்லை. என் கையெழுத்து தெரியாதிருக்கும்படி அச்செழுத்துப் போல ஒவ்வொன்றாக வரைந்தேன். யார் சொன்னது என்பதா முதன்மை? சொல்லப்பட்டது என்பதே முதன்மை.

நண்பகலில் மருத்துவமனைக்குப் போய், செவிலியர் உணவுக்குச் சென்றிருந்த வேளையில், மேசைமேல் பொட்டலத்தையும் தாளையும் வைத்துவிட்டுத் திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை. கடமை முடிந்தது.

ஐப்பசி 24, புதன்

காலை எட்டு மணிக்குப் பொற்கொடி வந்தாள். நான்கு நாள் உடுத்திய அதே புடவை. குளிக்கப் போகவில்லை. கூடத்தில் என் படத்துக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாற்று மருந்து பதினொரு குழந்தைகளுக்கும் நேற்று மாலையே போட்டுவிட்டார்கள் என்றாள். பத்துப் பேர் தேறிவிடுவார்கள் என்று மருத்துவர் சொல்கிறாராம். கனிக்குத் தலைக்குள் கசிந்துவிட்டது. விடியற்காலையில் தஞ்சைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னாரு டாக்டரு" என்றாள்.

நான் அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். செவிலி அதை எல்லாருக்கும் முன்பாக உரக்கப் படித்தாளாம். யார் எழுதியது என்று மருத்துவர் கேட்டாராம். பொட்டலத்தின் புள்ளியைப் பார்த்ததும் கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஒரு பெயரும் சொல்லவில்லையாம்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் பொற்கொடி. "'அளித்திடுக'ன்னு இந்த ஊர்ல வேற யாரு எழுதுவா?"

அவள் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள். வாயிலில் ஆட்கள். தாய்மார், தந்தையர், மடியில் குழந்தையோடு இருவர். முப்பது பேர் இருக்கலாம். கூச்சல் இல்லை, யாரும் யாரோடும் பேசவில்லை. முன்வரிசையில் கஸ்தூரியின் கணவர், கையில் கனியின் சிறிய செருப்பு. நாற்பதாண்டுகளில் இவ்வளவு அமைதியான கூட்டத்தை நான் கண்டதில்லை.

பொற்கொடி தாழ்ப்பாளில் கை வைத்தபடி திரும்பினாள்.

"வாங்க. வந்து பேசுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

இதை எழுதி முடிக்கும்வரை கதவருகே நிற்கிறாள். போகிறேன்.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை. என்றும் இருந்ததில்லை.